புதுப் பேரிங் வெந்தது, பழைய பேரிங் பிழைத்தது: ஒரு படகு ட்ரெயிலரின் நிகழ்வு ஆய்வு

கடந்த ஜனவரி மாதம் மெல்பர்னிலிருந்து லேக்ஸ் என்ட்ரன்ஸுக்குப் படகை இழுத்துக்கொண்டு போகும் வழியில், ட்ரெயிலரின் வலது சக்கரப் பேரிங் வெந்து உடைந்தது. பன்னிரண்டு நாள் முன்னால்தான் அந்தப் பக்கம் புதுப் பேரிங் போட்டிருந்தது. இடது பக்கத்தில் இருந்தது நான்கு வருடப் பழையது; அதை யாரும் தொடவில்லை. அதே உப்புத் தண்ணீரில் இறங்கி, அதே சுமையைத் தாங்கி, அதே தூரம் ஓடிய அந்தப் பழைய பேரிங் நல்லபடியாக இருந்தது. இது ஏன் என்று தெரிந்துகொள்ள, சக்கரம் மாட்டும் நடுக்குடமான ஹப் இரண்டையும் கழற்றி மேசைமேல் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தோம். அங்கே கண்டதையும், பிறகு எப்படிச் சரி செய்தோம் என்பதையும் எழுதுகிறேன். படகு வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் பேரிங்கைத் தாங்களே மாற்றுகிறார்கள். கழற்றுவது, கழுவுவது, கிரீஸ் வைப்பது எல்லாம் நன்றாகவே செய்கிறார்கள். கடைசியாக, பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் நட்டை எவ்வளவு முடுக்குவது என்ற இடத்தில்தான் காரியம் கெட்டுப்போகிறது.

படகு என்னுடையது அல்ல. என்னைவிடப் பத்து வயது இளைய நண்பர் ஒருவருடையது. 'அண்ணா' என்று கூப்பிடுவார், நானும் தம்பி என்றுதான் சொல்வேன். நான் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பட்டறையில் ஆறு வருடம் வேலை செய்தவன். இப்போது இங்கே ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பில் இருக்கிறேன். பேரிங் என்பது எனக்குத் தினசரி வேலை.

ட்ரெயிலர் சாதாரணமானது: ஒரே ஆக்ஸில், 13 அங்குலச் சக்கரம், நாலே கால் மீட்டர் அலுமினியப் படகு. மோட்டார், பெட்ரோல் எல்லாம் சேர்த்து எடை 680 கிலோ. ஆஸ்திரேலியாவில் ஒற்றை ஆக்ஸில் ட்ரெயிலரின் சக்கரங்கள்மேல் விழும் மொத்த எடை 750 கிலோவுக்குள் இருந்தால் பிரேக் கட்டாயம் இல்லை. இதிலும் பிரேக் இல்லை. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சாலையில் நடந்தது

டாண்டினாங் பக்கமிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். தம்பி ஓட்டினார், நான் பக்கத்தில், பின்னால் அவருடைய பன்னிரண்டு வயது மகன். வாரகலில் டீசல் போட நிறுத்தியபோது தம்பி வழக்கம்போல வலது ஹப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"கொஞ்சம் சுடுது அண்ணா. வெயிலும் அடிக்குதே."

அன்றைக்கு 34 டிகிரி போகும் என்று சொல்லியிருந்தார்கள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். இடது ஹப்பையும் தொட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே விஷயம் தெரிந்திருக்கும். வெயில் இரண்டு பக்கமும் ஒன்றுதான், சாலையும் ஒன்றுதான். ஒரு பக்கம் மட்டும் சுடுகிறது என்றால் அந்தப் பக்கத்தில் கோளாறு. அதுவும் பிரேக் இல்லாத ட்ரெயிலரில் ஹப் சூடாவதற்கு பேரிங்கைத் தவிர வேறு காரணம் கிடையாது. பிரேக் உரசுகிறதோ என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. வாரகலில் நாங்கள் தவறவிட்டது இதைத்தான்.

டிரரல்கன் தாண்டி, ரோஸ்டேல் ஊருக்கு முன்னால், மொத்தம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் ஓடியிருப்போம். பையன்தான் முதலில் பார்த்தான். "அப்பா, வீல் புகையுது." கண்ணாடியில் பார்த்தால் வலது சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து சுற்றுகிறது. "தம்பி, பிரேக்கை அமுக்காதே, ஆக்ஸிலேட்டரை விடு, மெதுவா ஓரம் கட்டுப்பா" என்றேன். நின்றதும் கருகிய கிரீஸ் வாடை மூக்கில் ஏறியது.

இங்கே வண்டிகள் இடது பக்கம் போகிற நாடு. ஓரம் கட்டினால் வலது சக்கரம் போக்குவரத்துப் பக்கம் இருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டரில் லாரிகள் உரசிக்கொண்டு போகிற இடத்தில் ஜாக்கி போட்டு உட்கார நான் சம்மதிக்கவில்லை. கையில் எல்லாச் சாமானும் இருந்தாலும் சம்மதித்திருக்க மாட்டேன். மூவரும் சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்று, டில்ட் ட்ரே லாரிக்குச் சொன்னோம். ட்ரெயிலரைப் படகோடு மேலே ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு ஆன செலவு, பின்னால் வாங்கிய முழு ஆக்ஸில் செட்டின் விலையைவிட அதிகம்.

கழற்றிப் பார்த்தது

மறுநாள் காலை கார் ஷெட்டில் ட்ரெயிலரை இரண்டு ஸ்டாண்டுகளில் ஏற்றினோம். எதையும் துடைக்க வேண்டாம் என்று தம்பியிடம் முதலிலேயே சொன்னேன். உடைந்த பேரிங்கில் இருக்கும் அழுக்கும் நிறமும்தான் சாட்சி. மண்ணெண்ணெயில் கழுவிவிட்டால் பாதி சாட்சி போய்விடும்.

கெடாத இடது பக்கத்தை முதலில் எடுத்தேன். நட்டைத் தொடுவதற்கு முன், நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை ஹப்பின் முகத்தில் வைத்து, ஹப்பை உள்ளும் வெளியுமாகத் தள்ளி இழுத்துப் பார்த்தேன். ஆட்டம் 0.10 மில்லிமீட்டர். ஒவ்வொரு ஹப்பிலும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இரண்டு பேரிங். கழற்றினால், உள்பக்கப் பேரிங்கில், ஹப்பின் பின்பக்கத்தை அடைக்கும் சீலை ஒட்டிய கிரீஸ் லேசாக வெளுத்து மோர் நிறத்தில் இருந்தது. தண்ணீர் கொஞ்சம் போயிருக்கிறது. ஆனால் உருளைகள் பளபளப்பாகவே இருந்தன, உருளைகள் ஓடும் வெளி வளையமான கப்பில் விரல் நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டவில்லை.

வலது பக்கத்தில் ஹப்பின் மூடியான டஸ்ட் கேப் காணவில்லை; எங்கேயோ சாலையில் தெறித்திருக்கிறது. நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின் மட்டும் இடத்தில் இருந்தது. சக்கரம் கழன்று ஓடாமல் இருந்தது அந்தச் சின்னக் கம்பியின் புண்ணியத்தில். ரிம்மின் உள்பக்கம் முழுக்க, உருகி ஓடிய கிரீஸ் சூரியக் கதிர் மாதிரி கோடு கோடாகத் தெறித்துக் காய்ந்திருந்தது. வெளிப்பக்கப் பேரிங்கின் கேஜ், அதாவது உருளைகளைப் பிடித்து வைக்கும் கூடு, மூன்று துண்டு. உருளைகள் நீலமும் கறுப்புமாக, சில ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து கிடந்தன. உள் வளையம், ஹப்பைத் தாங்கும் அச்சு முனையான ஸ்டப் ஆக்ஸிலின்மேல் வழுக்கிச் சுற்றியிருக்கிறது; அது உட்காரும் இடத்தில் ஆழமான கோடுகள்.

உள்பக்கப் பேரிங் ஆச்சரியமாக முழுசாக வந்தது. கேஜுக்குள் கிரீஸ் இன்னும் நிறைந்திருந்தது, வெளுத்த நிறத்தில். அது உட்கார்ந்திருந்த கப்பில், உருளைகளின் இடைவெளிக்குச் சரியாகக் கறுப்புக் கோடுகள். ஈரம் பட்ட பேரிங் நாள்கணக்கில் அசையாமல் நின்றால் ஒவ்வொரு உருளையும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இப்படி அரித்துவிடும். பன்னிரண்டு நாளில் விழுந்த கோடுகளாக அவை தெரியவில்லை, அவ்வளவு ஆழம்.

"தம்பி, கப்பை மாத்தலையா?"

"கப் ஹப்புக்குள்ள இறுக்கமா இருந்துச்சு அண்ணா. நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன். பேரிங்கும் சீலும் மட்டும் மாத்தினேன்."

பழைய பேரிங்குகளை அவர் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தால் பழைய உள்பக்கப் பேரிங்கின் உருளைகளில் அதே கறுப்புக் கோடுகள். பழைய வெளிப்பக்கப் பேரிங் சுத்தமாக இருந்தது. ஆக, வலது பக்கம் பேரிங் மாற்ற வேண்டிய நிலையில்தான் இருந்திருக்கிறது. தம்பி நினைத்தது சரி. ஆனால் கோனும் (உருளைகளோடு சேர்ந்த உள் வளையம்) கப்பும் ஒரு ஜோடி. அரித்த கப்பில் புதுக் கோனைப் போட்டால் புதியதும் சீக்கிரம் பழையதாகிவிடும்.

பழியைக் கப்பின்மேல் போட்டு முடித்துவிடலாம்போல இருந்தது. ஆனால் அரித்த கப் இருந்தது உள்பக்கத்தில். வெந்து உடைந்தது வெளிப்பக்கப் பேரிங். அந்தப் பக்கத்துப் பழைய பேரிங் சுத்தமாக இருந்ததால் அதன் கப்பும் நல்ல நிலையில்தான் இருந்திருக்க வேண்டும். தண்ணீர்தான் காரணம் என்றாலும் இதே முட்டுக்கட்டை: தண்ணீர் புகுவது பின்பக்கச் சீல் வழியாக, முதலில் சாக வேண்டியது உள்பக்கப் பேரிங். இடது பக்கமும் தண்ணீர் குடித்திருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கிரீஸ் குறைவா என்றால், உள்பக்கப் பேரிங்கில் இன்னும் நிறைந்திருக்கிற கிரீஸ் அதை மறுக்கிறது. கையில் வைத்து அமுக்கி அவர் ஒழுங்காகத்தான் நிரப்பியிருக்கிறார்.

அப்புறம் கேட்டேன், நட்டை எப்படி வைத்தாய் என்று.

"ஆட்டமே இருக்கக் கூடாதுன்னு நல்லா முடுக்கினேன் அண்ணா. ஸ்பேனர் போட்டு, சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பார்த்து, துளிகூட அசையாத வரைக்கும். பின் ஓட்டைக்கு நேரா வரலை, அதனால இன்னும் கொஞ்சம் முடுக்கிப் பின் போட்டேன்."

மூடிக்கிடந்தது அப்போது திறந்துகொண்டது.

ஒரு டன் அழுத்தம்

ஒரு அடி நீள ஸ்பேனர். அதன் முனையில் ஒருவர் பதினைந்து கிலோ பலத்தில் அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம், பெரிய பலம் இல்லை. நட்டின்மேல் விழுவது ஏறக்குறைய 44 நியூட்டன் மீட்டர் முறுக்கம். முக்கால் அங்குல மரையில் அது எவ்வளவு நெருக்கமாக மாறும் என்று வழக்கமான போல்ட் சூத்திரத்தில் போட்டால் 11 கிலோநியூட்டனுக்கு மேல் வருகிறது. ஒரு டன்னைவிட அதிகம். இந்த ட்ரெயிலரில் ஒரு சக்கரம் தாங்கும் எடையே 340 கிலோதான். சாலையில் ஒரு கல்லைக்கூடத் தொடுவதற்கு முன்பே, அந்த இரண்டு பேரிங்குகளும் தங்கள் வேலையைப்போல மூன்று மடங்கு சுமையை எதிரும்புதிருமாகத் தாங்கிக்கொண்டிருந்தன.

இந்த நெருக்கம் ஏன் சூடாகிறது என்பதற்குக் கூம்பு உருளைப் பேரிங்கின் அமைப்பைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கன், ரெஜினால்ட் ஹைன்செல்மனோடு சேர்ந்து 1898இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வண்டி நேராகப் போகும்போது எடை மேலிருந்து கீழே அமுக்குகிறது. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளுகிறது. இரண்டையும் ஒரே பேரிங் தாங்க வேண்டும் என்பதற்குத்தான் உருளைகளைச் சாய்வாக வைத்தார்கள். நூற்றிருபது வருடத்துக்கு மேலாகியும் ட்ரெயிலர் ஹப்பில் அதே அமைப்புதான் இருக்கிறது. நல்ல யோசனைக்கு இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் சாய்வாக வைத்த உருளையை அழுத்தினால் அது அகன்ற பக்கமாக வழுக்கி ஓடப் பார்க்கும். அதைத் தடுக்க உள் வளையத்தின் ஓரத்தில் ஒரு வரப்பு இருக்கிறது. பேரிங் முழுவதும் உருண்டாலும், உருளையின் தலை அந்த வரப்பில் படும் இடத்தில் மட்டும் உரசல்தான். நட்டை முடுக்க முடுக்க அங்கே உரசல் கூடுகிறது. 13 அங்குலச் சக்கரம் மணிக்கு 100 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு 900 முறைக்கு மேல் சுற்றும். உருளைகளும் உள் வளையமும் சூடாகி விரிகின்றன. வெளியே காற்றுப்படும் ஹப் அவ்வளவு சூடாவதில்லை. இருக்கிற இடைவெளி இன்னும் சுருங்குகிறது, நெருக்கம் கூடுகிறது, சூடு கூடுகிறது. கிரீஸ் உருகி ஓடிய பிறகு இரும்பும் இரும்பும்தான். வெளிப்பக்கப் பேரிங் இரண்டிலும் சின்னது. நட்டின் நெருக்கம் இரண்டுக்கும் ஒரே அளவு என்பதால் சின்னதுதான் முதலில் தோற்கும். மேசைமேல் கிடந்ததும் அதுவே.

தண்ணீருக்கும் ஒரு பங்கு உண்டு. பேரிங் மாற்றிய மறுநாள் ஹேஸ்டிங்ஸ் போய் வெஸ்டர்ன் போர்ட் விரிகுடாவில் படகை இறக்கியிருக்கிறார்கள். 'அன்னிக்கும் கொஞ்சம் சூடாத்தான் இருந்துச்சு' என்று தம்பி இப்போது நினைவுபடுத்திச் சொன்னார். ஹப் 60 டிகிரியில் இருக்கும்போது 18 டிகிரித் தண்ணீரில் அமிழ்த்தினால், உள்ளே இருக்கும் காற்று எட்டில் ஒரு பங்கு சுருங்கும். அந்த இடத்தை நிரப்பச் சீலின் உதட்டைத் தாண்டிக் கடல்நீரை உறிஞ்சிக்கொள்ளும். உள்பக்கக் கிரீஸ் வெளுத்தது அதனால்தான்.

புதிதாகக் கட்டியது

ஸ்டப் ஆக்ஸிலில் வெளிப்பக்கப் பேரிங் உட்காரும் இடம் 19.05 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் 18.8க்கும் கீழே காட்டியது. எமரித் தாள் போட்டுத் தேய்த்துச் சமாளிக்கலாமா என்று தம்பி கேட்டார். தளர்ந்த இடத்தில் உள் வளையம் திரும்பவும் சுற்றும். நான் மறுத்துவிட்டேன். ஒரு ஹப்பின் முகத்திலிருந்து மறு ஹப்பின் முகம் வரை அளந்து, அதே நீளத்தில் 40 மில்லிமீட்டர் சதுர ஆக்ஸில் முழுசாக வாங்கினோம். கூடவே ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு கட்டும் புது யூ போல்ட்டுகள், இரண்டு பக்கத்துக்கும் ஹப், பேரிங், சீல். நீண்டு இறுகிய பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடுவது சரியில்லை.

பேரிங் வாங்குவதில் ஆஸ்திரேலியாவில் ஒரு வலை இருக்கிறது. சின்ன ட்ரெயிலர்களில் இரண்டு வகை ஓடுகின்றன. ஹோல்டன் வகை என்று சொல்வதில் உள்பக்கம் எல்எம் 67048 கோனும் எல்எம் 67010 கப்பும். வெளிப்பக்கம் எல்எம் 11949 கோனும் எல்எம் 11910 கப்பும். ஃபோர்டு வகையில் உள்பக்கம் எல் 68149, எல் 68110. வெளிப்பக்கம் எல்எம் 12749, எல்எம் 12710. கார் நிறுவனப் பெயர்கள் பழைய காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டவை. இரண்டு வகைக்கும் வெளிப்பக்கக் கப்பின் வெளிவிட்டம் ஒன்றே, 45.237 மில்லிமீட்டர். உள்பக்கக் கப்பும் அப்படியே, 59.131. அகலமும் ஒன்றுதான். உள்துளை மட்டும்தான் வேறு. அதனால் ஒரு வகையின் கப் மறு வகையின் ஹப்பில் ஒரு மறுப்பும் சொல்லாமல் இறங்கிவிடும். கோன் மட்டும் அதில் சரியாகப் பொருந்தாது. கண்ணால் பார்த்தோ, விட்டத்தை அளந்தோ வாங்கக் கூடாது. பழையதில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படித்து, கோன் எண், கப் எண் இரண்டையும் சொல்லி வாங்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் செட்டுகளில் எல் 68149 கோனுக்கு எல் 68111 என்ற கப் வருவதுண்டு. அதன் வெளிவிட்டம் 59.975. கடைசி எண் ஒன்றுதான் கூடுதல், ஆனால் நம் ஹப்பில் இறங்காது. அடித்து இறக்கப் பார்த்தால் ஹப் போய்விடும்.

கப்புகளை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்துவிட்டோம். பழைய கப்பின் வெளிப்புறத்தைக் கொஞ்சம் தேய்த்துச் சிறிதாக்கினால், புதியதை அடித்து இறக்க அதுவே நல்ல கருவி. கப் அடியில் போய் உட்காரும் வரை சுத்தியல் சத்தம் ஒரு மாதிரி இருக்கும். உட்கார்ந்ததும் சத்தம் சட்டென்று கனமாகிவிடும். பையனை அடிக்கவிட்டுக் காதால் கேட்கச் சொன்னேன். இரண்டாவது கப்பில் அவனே "இறங்கிருச்சு பெரியப்பா" என்றான். ஆனாலும் மெல்லிய ஃபீலர் தகடு கப்பின் அடியில் எங்கும் நுழைகிறதா என்று சுற்றிலும் பார்த்தேன். கப் முழுசாக உட்காராவிட்டால், இன்றைக்கு வைக்கும் அளவு நூறு கிலோமீட்டரில் தளர்ந்துவிடும்.

கிரீஸ் கடல் ட்ரெயிலருக்கானது. உள்ளங்கையில் எலுமிச்சை அளவு வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அமுக்கி அமுக்கி, குறுகிய பக்கம் உருளைகளுக்கு நடுவிலிருந்து புழு மாதிரி வெளியே வரும் வரை நிரப்ப வேண்டும். மேலே தடவுவதில் பயன் இல்லை. பழைய கிரீஸ் என்ன வகை என்று தெரியாதபோது அதன்மேல் புதியதைச் சேர்க்கக் கூடாது. சில வகைகள் கலந்தால் இளகி ஓடிவிடும். சீல், இரண்டு துண்டாக வரும் கடல் வகை. சாதாரண ஒற்றை உதட்டுச் சீல் கிரீஸை உள்ளே வைக்கத்தான் நன்றாக உதவும். தண்ணீரை வெளியே வைப்பதில் அது அவ்வளவு கெட்டி இல்லை.

நட்டை வைத்தது

இந்த இடத்தில் தம்பியையே செய்யச் சொல்லி, நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

ஹப்பை ஸ்டப்பில் ஏற்றி, வாஷர், பிறகு பின் போடப் பள்ளங்கள் உள்ள காஸில் நட். முதலில் முடுக்கத்தான் வேண்டும், ஆனால் ஹப்பைச் சுற்றிக்கொண்டே. சுற்றாமல் முடுக்கினால் உருளைகள் கோணலாக நின்று, எல்லாம் இறுகிவிட்டதுபோல ஏமாற்றும். சுற்றினால் ஒவ்வொரு உருளையும் வழுக்கிப் போய் வரப்பில் உட்காரும், நடுவில் இருக்கும் அதிகக் கிரீஸும் பிதுங்கிப் போகும். அமெரிக்க ஆக்ஸில் நிறுவனமான டெக்ஸ்டரின் கையேடு இந்தக் கட்டத்துக்குச் சுமார் 50 பவுண்டு அடி, அதாவது 68 நியூட்டன் மீட்டர், சொல்கிறது. அது பெரிய ஆக்ஸில்களையும் சேர்த்துச் சொன்னது. இந்த 19 மில்லிமீட்டர் ஸ்டப்புக்கு நான் 30க்கு மேல் போகவிடவில்லை.

அடுத்து, ஹப்பைச் சுற்றாமல், நட்டை முழுதாகத் தளர்த்த வேண்டும். இந்தக் கட்டத்தைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அந்த முறுக்கம் உருளைகளை உட்கார வைக்க மட்டுமே. அதோடு ஓடுவதற்கு அல்ல. தளர்த்திய பிறகு ஸ்பேனரைத் தூரமாக வைத்துவிட்டு, வெறும் விரல்களால் நட்டைத் திருகி, தொட்டு நிற்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். தம்பியின் கை தன்னால் இன்னும் ஒரு இழுப்பு இழுக்கப் போனது.

"போதும் தம்பி, விடு."

"லூஸா இருக்கிற மாதிரி இருக்கே அண்ணா?"

"இருக்கட்டும்."

ஸ்பிளிட் பின் ஓட்டை நேராக வரவில்லை. வராதபோது முடுக்கக் கூடாது, பின்னால் வர வேண்டும், அடுத்த பள்ளம் நேராகும் வரை. காஸில் நட்டில் ஆறு பள்ளம். இந்த மரை அங்குலத்துக்கு 16 சுற்று; ஒரு முழுச் சுற்றுக்கு 1.59 மில்லிமீட்டர் நகரும். ஆக, ஒரு பள்ளத்துக்கு 0.26. டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் இடது பக்கம் 0.07 வந்தது, அருமை. வலது பக்கம் 0.21. கனரக லாரிச் சக்கரங்களுக்கு அமெரிக்க லாரித் துறை வைத்திருக்கும் வரம்பு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று முதல் ஐந்து வரை, நம் அளவில் 0.025 முதல் 0.127. சின்ன ட்ரெயிலருக்கு 0.21 உடனே ஆபத்து இல்லை என்றாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. வாஷரை மாற்றி வேறொன்று போட்டுப் பார்த்தோம். அது ஒரு மயிரிழை தடிமன் கூடியது. 0.09 ஆனது. பின்னைப் போட்டு, இரண்டு காலையும் மடக்கி, டஸ்ட் கேப்பைத் தட்டி இறக்கினோம்.

டயல் கேஜ் எல்லோரிடமும் இருக்காது. அது இல்லாமலும் இந்த வேலையைச் சரியாகச் செய்யலாம். விரல் இறுக்கம், பின்னோக்கி அடுத்த பள்ளம் நேராகும் வரை, இவ்வளவுதான். சக்கரத்தை மாட்டி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கைக்கு ஒரு சின்ன 'டிக்' தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அளவு அசைந்தால் அதிகம். டிக்கே இல்லையென்றால் இறுக்கம். தம்பி பன்னிரண்டு நாள் முன்னால் ஸ்பேனர் போட்டு இல்லாமல் செய்தது அந்த டிக்கைத்தான். அவர் சக்கரத்தை மறுபடி மறுபடி ஆட்டி, அந்தச் சத்தத்தைக் கையில் பழகிக்கொண்டார்.

இடது பக்கத்துப் பழைய பேரிங்குகளைக் கழுவிக் காயவைத்துக் கிரீஸ் போட்டு, அதனதன் கப்போடு ஜோடி மாறாமல் பையில் கட்டி வண்டியில் வைத்திருக்கிறோம், அவசரத்துக்கு.

பிறகு ஓட்டிப் பார்த்தது

முதல் ஓட்டம் படகு இல்லாமல் பத்து கிலோமீட்டர். அப்புறம் படகோடு ஐம்பது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வீல் நட்டுகளையும் பார்த்தோம். புது ஹப்பில் அவை கொஞ்சம் தளர்வது வழக்கம். வெப்பம் பார்க்க ஒரு லேசர் தெர்மாமீட்டர் வாங்கிப் பையனிடம் கொடுத்தோம். நிறுத்தியவுடன் இரண்டு பக்கமும் அளந்து நோட்டில் எழுதுவது அவன் வேலை. 300 கிலோமீட்டர் ஓடியபின் டஸ்ட் கேப்பைக் கழற்றி மறுபடி டயல் கேஜ் வைத்தேன். இடது 0.08, வலது 0.10. நட்டைத் தொடவில்லை.

மார்ச்சில் மறுபடி லேக்ஸ் என்ட்ரன்ஸ் கிளம்பினோம். வாரகலில் நின்றோம், ரோஸ்டேல் தாண்டிச் சேலில் நின்றோம், பேர்ன்ஸ்டேலில் நின்றோம். போய்ச் சேர்ந்ததும் தம்பி வழக்கம்போல ட்ரெயிலரை நேராகத் தண்ணீருக்குப் பின்னோக்கி விடவில்லை. படகுத்துறைக்கு மேலே நிழலில் நிறுத்தி, படகுக் கயிறுகளை அவிழ்த்து, சாமான்களை ஏற்றி, ஹப் ஆறுவதற்கு இருபத்தைந்து நிமிடம் கொடுத்தார். பின்னால் நின்ற வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

வந்து நின்றபோது பையன் எழுதிய எண்கள்: காற்று 24, இடது ஹப் 39, வலது ஹப் 40. தண்ணீரில் இறக்கும் முன் மறுபடி அளந்தான்.

"இடது இருபத்தெட்டு, வலது இருபத்தெட்டு. இறக்கலாம்ப்பா."